உள்ள மிளகு இருந்துச்சா?

சித்தப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அதெல்லாம் சரிடா, உள்ள மிளகு இருந்துச்சா?" போடியில அவரு மளிகைக் கடை கல்லாவுல உக்காந்துக்கிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, யாருக்கோ அரைக் கிலோ துவரம்பருப்பை மடிச்சுக்கிட்டே கேட்டாரு. நான் லண்டன்ல ஒரு பஸ் ஸ்டாப்புல மழைக்கு ஒதுங்கி நின்னுக்கிட்டு இருந்தேன். பதில் தெரியல. மியூசியத்துல பாத்த ஒரு பழைய வெள்ளி ஜாடியை நூறு ஃபோட்டோ எடுத்திருந்தேன், லேபிளை எல்லாம் படிச்சிருந்தேன், ஃபேமிலி குரூப்புல பெருமையா போட்டு லைக் வாங்கிட்டேன், ஆனா இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு வருசம் ஆச்சு. இன்னைக்கும் ரசத்துக்கு மிளகு எடுக்கப் போனா இது ஞாபகத்துக்கு வந்துடுது, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஆபீஸ் வேலையா ஆறு வாரம் அங்க இருந்தேன். சனிக்கிழமை ஆனா ரூம்ல அடைஞ்சு கிடக்க முடியாது, வெளிய போனா எல்லாத்துக்கும் காசு, பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மட்டும் டிக்கெட் கிடையாது, அதனால அங்க போனேன், இதுதான் உண்மையான காரணம். நம்மாளுங்க அந்த மியூசியத்துக்குப் போறப்போ வீட்டுலருந்தே ஒரு கோவத்தை எடுத்துக்கிட்டுத்தான் போவோம். நானும் போனதும் நேரா அமராவதிச் சிற்பங்கள் இருக்கிற கண்ணாடி அறைக்குத்தான் போனேன். எழும்பூர் மியூசியத்துல ஒரு பங்கு, இங்க ஒரு பங்கு. ஆந்திராவுல இருந்த ஒரே பௌத்த ஸ்தூபியோட கல்லுங்க, அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரி கெடக்குது. அங்க அரை மணி நேரம் நின்னு முறைக்கப் பட வேண்டியதை எல்லாம் முறைச்சு முடிச்சுட்டு, காபி குடிக்கலாம்னு கிளம்பினவன் வழி தப்பி மாடிக்குப் போயிட்டேன். 49-ம் நம்பர் அறை. ரோமானியர்கள் ஆண்ட காலத்து பிரிட்டன்.

இங்கதான் ஒரு சின்னச் சிக்கல். இந்த அறையில இருக்கிற பொருளெல்லாம் பெரும்பாலும் அவங்க மண்ணுலயே தோண்டி எடுத்தது. வயல்ல கிடைச்சது, கிணத்துல கிடைச்சது, கோட்டை இடிபாட்டுல கிடைச்சது. யார்கிட்டயும் அடிச்சுப் பிடுங்கினது இல்ல. கையில கோவம் இருக்கு, ஆனா காட்ட ஆள் இல்ல. கல்யாண வீட்டுல சண்டை போடறதுக்குன்னே வந்த மாமா, எல்லாரும் மரியாதையா கவனிச்சுட்டா என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பாரு பாருங்க, அந்த நெலமை.

ஒரு சுத்தியலைத் தேடப் போய்

அந்த அறையில ஒரு புதையல் இருக்கு, அது கிடைச்ச கதை இது. இங்கிலாந்துல சஃபோக் மாவட்டத்துல ஹாக்ஸன்னு ஒரு கிராமம். 1992 நவம்பர் 16. ஒரு விவசாயி தன்னோட சுத்தியலை வயல்ல எங்கயோ தொலைச்சுட்டாரு. அவரோட ஃப்ரெண்டு ஒருத்தரு, வேலையில இருந்து ரிட்டயர்டு ஆனப்போ பரிசா கிடைச்ச மெட்டல் டிடெக்டர் வச்சிருந்தாரு. வா, தேடிப் பாப்போம்னு போயிருக்காங்க. மெஷின் கத்துது. தோண்டினா வெள்ளிக் கரண்டி, தங்க நகை, நாணயம் நாணயமா வருது. நம்ம ஊர்ல இப்படி ஒரு கதை நடந்தா அதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவங்க ரெண்டு பேரும் தோண்டுறதை அங்கேயே நிறுத்திட்டு அதிகாரிகளுக்குச் சொல்லிட்டாங்க. மறுநாளே தொல்லியல்காரங்க வந்து மொத்தத்தையும் ஒரே நாள்ல முறைப்படி எடுத்துட்டாங்க. தோண்டினவங்க கலைக்காம விட்டதாலதான், ஓக் மரப்பெட்டிக்குள்ள எது மேல எது இருந்துச்சு, எது துணியில சுத்தி இருந்துச்சு, கிண்ணங்களுக்கு நடுவுல வைக்கோல் வச்சு அடுக்கி இருந்தாங்கங்கிறது வரைக்கும் இன்னைக்குத் தெரியுது. டிடெக்டர் வச்சிருந்தவருக்கு 17,50,000 பவுண்டு வெகுமதியா வந்துச்சு, அவரு அந்த விவசாயிக்கும் பங்கு கொடுத்தாரு. சுத்தியலும் கிடைச்சுது. அதுவும் இப்ப மியூசியத்துக்கிட்டதான் இருக்கு. (எனக்கு அந்த மொத்தப் புதையல்லயும் ரொம்பப் புடிச்ச பொருள் அதுதான்.)

பெட்டியில இருந்தது, தங்கம் மூணரைக் கிலோ, வெள்ளி 23 கிலோவுக்கு மேல. நாணயம் மட்டும் சுமார் 15,000. அதுல கடைசியா அடிச்ச நாணயம் கி.பி. 407, 408 வாக்குல உள்ளது, அதனால அதுக்கு அப்புறம்தான் புதைச்சிருக்கணும். ரோம் தன்னோட படையை வாபஸ் வாங்கிட்டு பிரிட்டனைக் கைகழுவிக்கிட்டு இருந்த நேரம். சம்பளம் வராது, காவல் கிடையாது, யாரு எப்ப வருவாங்கன்னு தெரியாது. யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரங்க, இருக்கிறதை எல்லாம் பொறுமையா அடுக்கி, பூட்டுப் போட்டு, வயலுக்குள்ள இறக்கி மூடிட்டுப் போயிருக்காங்க. திரும்பி வரல. ஏன் வரலைங்கிறது யாருக்கும் தெரியாது. ஒரு தங்கக் காப்புல 'ஜூலியானா அம்மா, சந்தோசமா போட்டுக்கோங்க'ங்கிற மாதிரி லத்தீன்ல துளைத்துளையா எழுதியிருக்கு. கரண்டிகள்ல ஆரேலியஸ் உர்சிகினஸ்னு ஒரு பேரு திரும்பத் திரும்ப வருது. பாத்திரத்துல பேரு வெட்டுற பழக்கம் நமக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அதுக்கு நடுவுல இருந்தா அவ. பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கும். வெள்ளியில ஒரு பொம்பளையோட மார்பளவு உருவம், தலைமுடியை அடுக்கடுக்கா பின்னி மேல தூக்கிக் கட்டியிருக்கு, காதுல தொங்கட்டான், கழுத்துல மாலை, கையில ஒரு சுருள், அங்கங்க தங்கப் பூச்சு. எட்ட நின்னு பாத்தப்போ குங்குமச் சிமிழ்னுதான் நெனச்சேன், சத்தியமா. கிட்டப் போய்ப் படிச்சா, மிளகுத்தூள் போட்டு வைக்கிற ஜாடி. இந்தியாவுல இருந்து வந்த மிளகு.

அவ்வளவுதான், என் கையில இருந்த கோவம் அப்படியே பெருமையா மாறிடுச்சு. கண்ணாடியில மூக்கு ஒட்டுற அளவுக்கு நின்னு ஃபோட்டோ எடுத்தேன். அந்த இடத்துலயே குரூப்புக்கு அனுப்பினேன். கூடவே, ஸ்கூல்லருந்து நமக்கெல்லாம் மனப்பாடமா இருக்கிற அகநானூற்று வரி, 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்', அதையும் டைப் பண்ணி, கறின்னா அந்தக் காலத்துல மிளகுன்னு விளக்கமும் போட்டு, கீழ 'நம்ம மிளகு!'ன்னு எழுதினேன். ரெண்டு நிமிசத்துல பதினாலு கைதட்டல். ஆபீஸ் குரூப்புலயும் போட்டேன். இடுக்கிக்காரன் ஒருத்தன், "மிளகு எங்களோடது, பாட்டு வேணா உங்களோடது"ன்னு பதில் போட்டான். அப்பல்லாம் கேரளா ஏதுடா, அது சேர நாடுன்னு அவன்கிட்ட ஒரு பத்து மெசேஜ் மல்லுக்கட்டிட்டு, வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், சித்தப்பா போன்.

மளிகைக் கடைக்காரர் கேக்குற கேள்விகள்

என் சித்தப்பா முப்பது வருசமா மிளகு வாங்கி விக்கிறவரு. ஒரு லிட்டர் படியில மிளகை அளந்து எடை போட்டுப் பாத்து, 550 கிராம் நின்னாத்தான் நல்ல சரக்குன்னு சொல்லுவாரு. கைப்பிடி மிளகைத் தண்ணியில போட்டு மெதக்குதான்னு பாப்பாரு, பப்பாளி விதை கலந்திருந்தா காட்டிக் கொடுத்துடும். அவருக்கு ஒரு ஜாடியோட ஃபோட்டோவைக் காட்டினா அது ஜாடியாத்தான் தெரியும். உள்ள மிளகு இருந்துச்சான்னு கேட்டவரு, நான் முழிக்கிறதைக் கேட்டுட்டு, அடுத்தடுத்துப் போனாரு. எவ்வளவு கொள்ளும்? முழு மிளகா, தூளா? ஓட்டை எங்க இருக்கு?

ஓட்டை எனக்குத் தெரியும், லேபிள்ல படிச்சிருந்தேன். ஜாடியோட அடியில ஒரு வட்டத் தகடு, அதைத் திருகினா மூணு நிலை. ஒண்ணுல முழுசா மூடிக்கும். இன்னொண்ணுல பெரிய துவாரம் திறக்கும், மிளகைக் கொட்டி நிரப்பிக்கலாம். மூணாவதுல சின்னச் சின்ன ஓட்டை, தூவறதுக்கு. 1,600 வருசத்துக்கு முன்னாடி! இதை நான் ரொம்ப ஆர்வமா விளக்கினேன். அவரு கொஞ்ச நேரம் பேசல, பின்னாடி தராசுத்தட்டு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் சொன்னாரு, "சின்ன ஓட்டைன்னா நைஸ் தூளுடா. ரவையா இருந்தா அடைச்சுக்கும். மெஷின் இல்லாத காலத்துல அவ்வளவு நைஸா இடிச்சுச் சலிக்கணும்னா ஒருத்தன் உக்காந்து தும்மித் தும்மிச் செத்திருப்பானே. அது யாரு?"

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. பட்டத்து ராணி மாதிரி இருக்கான்னு சொன்னேன், மியூசியத்துலயும் அவளைப் பேரரசின்னுதான் கூப்புடுறாங்க, ஆனா அவ ராணி இல்ல, அந்தக் காலத்துத் தூக்குக்கோல்ல எடைக்கல்லு பேரரசி உருவத்துல இருக்குமாம், இந்த ஜாடி பாக்க அது மாதிரி இருந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, யாரோ பணக்கார வீட்டுப் பொம்பளையாத்தான் இருக்கும்னு இப்ப சொல்றாங்கன்னேன். எடைக்கல்லுன்னதும் அவருக்கு சுவாரசியம் வந்துடுச்சு. "ராணி தலையை எடைக்கல்லா வச்சா எவனும் குறைச்சு நிறுக்க மாட்டான். நம்ம கல்லுக்கு முத்திரை அடிக்கிற மாதிரி." இதை எந்த லேபிள்லயும் நான் படிக்கல, சரியா தப்பாங்கிறது ஆராய்ச்சி பண்றவங்க பாடு, ஆனா சொன்ன வேகத்துல எனக்குப் புல்லரிச்சுது.

அப்புறம்தான் அது வந்துச்சு. ரொம்ப சாதாரணமா, போனை வைக்கப் போற நேரத்துல சொன்னாரு. "நம்ம மிளகுன்னு போட்டிருக்க பாரு, அதுதான் எனக்குப் புரியல. எங்க ஆத்தா மடியை உதறிக் காட்டிட்டு ஜீப்பு ஏறுன மிளகுடா அது. எப்ப நம்மளுதாச்சு?"

எங்க அப்பத்தா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க. விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியில சோத்தைக் கட்டிக்கிட்டு, ஒரு ஜீப்புல இருவது பேரு நெருக்கிக்கிட்டு போடிமெட்டு வழியா மலையேறி, இருட்டினதும் எறங்குறது. மாசி வரைக்கும் மிளகு எடுப்பு இருந்தா அதுக்கும் போவாங்க. ஆம்பளைங்க மரத்துல ஏணி சாத்தி ஏறிச் சரத்தைப் பறிச்சுப் போடணும், கீழ சிந்தினதைப் பொம்பளைங்க குனிஞ்சு பொறுக்கணும், களத்துல காலால மிதிச்சு மணியை உதுத்துக் காயப்போடணும். பச்சையா இருக்கிற மணி மூணு நாலு வெயில்ல சுருங்கிக் கறுத்துப் போகும். சாயங்காலம் வண்டி ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா சேலை மடியை உதறிக் காட்டணும், கண்காணி நின்னு பாப்பான். அது எனக்குத் தெரியும், அப்பத்தாவே சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க, நகத்துக்கு இடுக்குல வேணா நாலு மணி வரும்னு. வீட்டுல மிளகு ஒரு மாத்திரை டப்பாவுல இருக்கும். சளி புடிச்சாத்தான் திறக்கும். ரசத்துக்கு வத்தல்தான். மிளகு எடுக்கிற வீட்டுல மிளகு ரசம் கிடையாது, இதை நான் சின்ன வயசுல ஒரு அதிசயமாவே நெனச்சதில்ல, பால்காரர் வீட்டுல கடுங்காப்பி குடிக்கிற மாதிரிதான்.

பஸ் வந்துச்சு, ஏறல. அடுத்ததும் போயிடுச்சு.

பாட்டு அங்க முடியல

அந்த வாரம் முழுக்க ராத்திரி ராத்திரி இதையே படிச்சேன். முதல்ல சித்தப்பாவை மடக்கணும்னுதான் படிச்சேன், அதையும் ஒத்துக்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டுல பிளினின்னு ரோம்ல ஒருத்தரு, நம்ம பெரியப்பாங்க மாதிரி எதுக்கெடுத்தாலும் அலுத்துக்கிற ஆளு, மிளகுல காரத்தைத் தவிர என்ன இருக்கு, இதுக்காக இந்தியா வரைக்கும் போகணுமா, அதோட ஊர்ல அது காட்டுல சும்மா வளருது, இங்க தங்கம் வெள்ளி மாதிரி நிறுத்து வாங்குறோம்னு எழுதி வச்சிருக்காரு. கருமிளகு ராத்தல் நாலு தினாரியஸ்னு (ரோமானிய வெள்ளிக்காசு) விலையும் போட்டிருக்காரு. காட்டுல சும்மா வளருதுங்கிறதைப் படிச்சப்போ பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, நானும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்கேன். என் ஃபோட்டோவுக்குக் கீழயும் மிளகு சும்மாதான் வளர்ந்து, சும்மாதான் கப்பல் ஏறிச்சு.

பணக்காரங்க மட்டும் தின்னாங்கன்னும் சொல்லிட முடியாது. இங்கிலாந்தோட வடக்குல விண்டோலாண்டான்னு ஒரு கோட்டை இருந்துச்சு. அங்க ஈர மண்ணுக்குள்ள மெல்லிசு மெல்லிசா மரச்சீவல், அதுல மையில எழுதின கடிதாசி, கணக்கு எல்லாம் கிடைச்சுது. கி.பி. 100 வாக்குல உள்ள ஒரு கணக்குச் சீவல்ல, சிப்பாய்ங்க பேரும் அவங்க எது எது வாங்கினாங்கங்கிறதும் வரிசையா இருக்கு. துண்டு, கொழுப்பு, செருப்பு, அதுக்கு நடுவுல டப்போ மகன் கம்பாக்ஸ், மிளகு, ரெண்டு தினாரியஸ். மளிகைக் கடை நோட்டு! இதைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "கடனா, ரொக்கமா?"ன்னு கேட்டாரு.

இன்னொண்ணும் சொன்னேன். ஹாக்ஸன் பெட்டியில கடைசி நாணயம் 407, 408 வாக்குல உள்ளதுன்னு சொன்னேன்ல, அதே 408-ல அலாரிக்னு ஒருத்தன், கோத்ங்கிற ஜெர்மானிய இனத்தோட தலைவன், ரோம் நகரத்தையே முற்றுகை போட்டுட்டான். விட்டுட்டுப் போறதுக்கு அவன் கேட்ட பட்டியல் பதிவாகியிருக்கு: 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு உடுப்பு, சிவப்புச் சாயம் போட்ட 3,000 தோல், 3,000 ராத்தல் மிளகு. அங்க ஒருத்தன் ஊரை விடுறதுக்கு மிளகு கேக்குறான், இங்க கிராமத்துல ஒரு வீட்டுல மிளகு ஜாடியைத் துணியில சுத்திக்கிட்டு இருக்காங்க. எனக்கு மயிர்க்கூச்செறியுது. சித்தப்பா கால்குலேட்டரைத் தட்டினாரு. ரோமானிய ராத்தல் 327 கிராம் கணக்குக்கு 980 கிலோ சொச்சம் வருது. "ஒரு டன்னு கூட இல்லையேடா. ஒரு டாடா ஏஸ்ல கொஞ்சம் ஓவர்லோடு பண்ணா போயிடும்." ரோமுக்கு வெலை ஒரு டாடா ஏஸ்.

உள்ள மிளகு இருந்துச்சாங்கிறதுக்கு மட்டும் பதில் வேற இடத்துல கிடைச்சுது. எகிப்துல செங்கடல் கரையில பெரெனிகேன்னு ஒரு பழைய துறைமுகம், 1999-ல அங்க ஒரு கோயில்ல புதைச்சு வச்சிருந்த பெரிய ஜாடி ஒண்ணைத் தோண்டி எடுத்தாங்க, இந்தியாவுல செஞ்ச ஜாடி, அதுக்குள்ள ஏழரைக் கிலோ கருமிளகு. முதல் நூற்றாண்டுச் சரக்கு. காஞ்ச பாலைவனங்கிறதால கெடாம கிடந்திருக்கு. சித்தப்பாவுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது. ஏழரைக் கிலோவான்னு ரெண்டு தடவை கேட்டாரு. லிட்டர் வெயிட் எவ்வளவு நின்னுச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களான்னும் கேட்டாரு.

ஆனா என்னை உலுக்கினது இதெல்லாம் இல்ல. வியாழக்கிழமை ராத்திரி, நான் போட்ட அகநானூற்று வரியை முழுசா எடுத்துப் படிக்கலாம்னு 149-ம் பாட்டைத் திறந்தேன். 'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி'. யவனர்னா ரோம் பக்கத்துல இருந்து வந்த வியாபாரிங்க, முசிறிங்கிறது சேர நாட்டுத் துறைமுகம். இங்க வரைக்கும்தான் நமக்குத் தெரியும். மேடையில, பட்டிமன்றத்துல, செம்மொழி விழா பேனர்ல எல்லாம் இங்க வந்து நிறுத்திடுவாங்க, கைதட்டல் வந்துடும். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அங்க நிறுத்தல. 'முசிறி ஆர்ப்பெழ வளைஇ, அருஞ்சமம் கடந்து, படிமம் வவ்விய'ன்னு அடுத்த மூச்சுலயே போறாரு. அந்த வளமான முசிறியை அலறல் எழும்ப வளைச்சு, சண்டையில ஜெயிச்சு, அங்க இருந்த படிமத்தைக் கவர்ந்துட்டுப் போன பாண்டியன் செழியன். படிமம்னா சிலை. கீழ, அமராவதி அறையில நான் எதை முறைச்சுட்டு வந்தேனோ அதேதான். பாண்டியன் யாரு? எங்க ஊரு ராசா. நாங்கதான் மதுரைப் பக்கம்.

ரொம்ப நேரம் அந்த வரியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்காக வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போனது சரின்னு ஆயிடாது, அதை யாராச்சும் அப்படிப் படிச்சுட்டுக் கிளம்பினா அது என் பொறுப்பு இல்ல. எனக்கு உறுத்தினது வேற. இருவது வருசமா ஒரு பாட்டைப் பாதியில வெட்டி வச்சு சந்தோசமா இருந்திருக்கேன். அதுலயும் அந்தப் பாட்டுல முசிறி ஒரு உவமை மாதிரி வந்துட்டுப் போற இடம்தான், பாட்டோட விசயமே வேற. பொருள் தேடப் போகணும்னு நச்சரிக்கிற தன்னோட நெஞ்சுகிட்ட, எவ்வளவு பெரிய நிதி கெடைச்சாலும் அவளை விட்டுட்டு நான் 'வாரேன் வாழியென் நெஞ்சே'ன்னு ஒருத்தன் சொல்றான். வரமாட்டேங்கிறான். அதை ஆன்சைட் அலவன்ஸுக்காக வந்து ஒத்தை ரூம்ல படுத்துக்கிட்டு நான் படிக்கிறேன்.

ரெண்டாவது தடவை

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அமராவதிக்குப் போகல, நேரா மாடி. இந்தத் தடவை அவ முகத்தைப் பாக்கல, கீழ குனிஞ்சு அடியைப் பாக்க முயற்சி பண்ணேன். கண்ணாடிக்கு வெளிய மண்டி போட்டுக்கிட்டு, கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு. பக்கத்துல ஒரு சின்னப் பையனும் என்னைப் பாத்து மண்டி போட்டான், எதையோ முக்கியமானதைப் பாக்கறேன்னு நெனச்சுட்டான் போல. அவங்க அம்மா சாரி சொல்லி இழுத்துட்டுப் போனாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, வெள்ளி பளபளப்புதான் தெரிஞ்சுது.

எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தகடு. முகத்தை ரசிச்சது வீட்டுக்காரங்க, விருந்துக்கு வந்தவங்க. தகட்டைத் திருகினது வேற கை. நிரப்புற நிலைக்குத் திருப்பி, இடிச்சுச் சலிச்ச தூளைக் கொட்டி, சிந்தாம மூடி, விருந்து நேரத்துல தூவற நிலைக்கு மாத்தி மேசைக்குக் கொண்டு போன கை. சிந்தினா திட்டு விழுந்திருக்குமா? நகத்து இடுக்குல கொஞ்சம் ஒட்டிக்கிட்டுப் போயிருக்குமா? ஜூலியானா பேரு இருக்கு, உர்சிகினஸ் பேரு இருக்கு, தும்மினவன் பேரு இல்ல. இந்தப் பக்கம் பறிச்சவங்க பேரும் இல்ல. ரெண்டு பக்கமும் பேரு இல்லாதவங்க கையிலதான் அந்த மிளகு பாதி நேரம் இருந்திருக்கு, நடுவுல இருந்தவங்க பேருதான் பொன்னொடு வந்து கறியொடு போயிருக்கு. இதை நெனச்சதும் பெருமை மொத்தமா போயிடுச்சான்னா, இல்ல, அதுதான் ஆச்சரியம். கொஞ்சம் இருந்துச்சு. ஆனா அது நம்ம மிளகுங்கிற பெருமை இல்ல, அப்பத்தா விரல் எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியுமேங்கிற மாதிரி ஒண்ணு. அந்த அறையில நின்ன யாருக்கும் அது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. சரியா சொல்லத் தெரியல.

குரூப்புல போட்டிருந்த 'நம்ம மிளகு!'வை அழிக்கலாம்னு போனேன். ஒரு வாரம் ஆயிடுச்சு, எல்லாருக்கும் அழிக்கிற வசதி காட்டல. அப்படியே கிடக்குது இன்னும்.

ஊருக்கு வந்தப்போ அந்த ஃபோட்டோவைப் பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு சித்தப்பாவுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "வேலைப்பாடு நல்லா இருக்குடா. ஆனா ஐம்பது கிராம் கூடக் கொள்ளாது"ன்னாரு. கடையில, தினசரி காலண்டருக்குப் பக்கத்துல, ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு மேல ஒட்டிட்டாரு. போன தீபாவளிக்குப் போனப்போ பாத்தேன். ஊதுபத்திப் புகையில ஓரம் கொஞ்சம் பழுப்பாயிருக்கு. நெத்தியில சின்னதா குங்குமம் வச்சிருக்கு. சித்திதான் வச்சாங்களாம், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கெல்லாம் வைக்கிறப்போ இதுக்கு மட்டும் வைக்காம விட மனசு வரலையாம். நான் இருந்தப்பவே ஒரு அம்மா கால் கிலோ மிளகு வாங்க வந்தாங்க, தோட்டத்து வேலைக்குப் போயிட்டு வர்ற அம்மா, கையில தூக்குவாளி. படத்தைப் பாத்து, "இது எந்த ஊரு அம்மன்ணே?"ன்னு கேட்டாங்க.

சித்தப்பா மிளகை நிறுத்துக்கிட்டே, "தெரியலத்தா, அங்கயும் யாருக்கும் தெரியலயாம்"ன்னாரு. முள்ளு நடுவுல நின்ன பிறகும் நாலு மணியை எடுத்து மேல போட்டாரு.